வெள்ளிக்கிழமை சாம்பார்

அடுத்தவர் பேச்சை எழுதலாமா என்று பல வருடம் தயங்கினேன். முருகனை வேண்டிக்கொண்டு இன்று எழுதுகிறேன். டுரியான் துங்கால் ஊருக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு வயதான அம்மாவும் மகளும் இருந்தார்கள்.

“போன வெள்ளிக்கிழமை கோயில் சாம்பார்ல ரெண்டு தடவ உப்பு போட்டுட்டீங்கம்மா. இனிமே சமைக்கப் போகாதீங்க. போன்ல கேம் விளையாடுங்க லா, மறதிக்கு நல்லது.”

“அதுல நான் ஜெயிச்சா யாரு சாப்பிடுவா?”

“எல்லாரும் சிரிக்கிறாங்கம்மா.”

“சிரிக்கட்டும். நடக்கணும், நாலு பேருகிட்ட பேசணும், மூளைக்கு வேலை குடுக்கணும்னு டாக்டரே சொன்னாரு. கோயில் அடுப்படியில நான் வேற என்ன செய்றேன்? உப்ப வேணா நீ போடு. கரண்டிய குடுக்க மாட்டேன்.”

கோயில் வந்ததும் அந்த அம்மா இறங்கினார். மகள் முணுமுணுத்தபடியே காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

இதைப் படித்தவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.