மூண்டு தரம் வித்த மஸ்டாங்

உங்கட தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடிப்போச்சு, தங்கச்சி. பரவாயில்லை, குடிக்கிறன். காலமை கோயிலுக்குப் போற அவசரத்தில வாயில ஒண்டும் வைக்கேல்ல.

நீங்கள் தமிழ்ப் பிள்ளை எண்டபடியால் எனக்கு நிம்மதி. அந்தப் பெரிய பொலிஸ் சேர் சிங்களத்தில கேக்கிறது எனக்கு விளங்கும், பதிலும் சொல்லுவன். ஆனால் செய்த வேலையைப் பற்றி வடிவாச் சொல்லுறதெண்டால் சொந்தப் பாஷையில தான் எனக்கு வரும். எழுதுங்கோ. பேர் சிவானந்தன். வயது அறுபத்தேழு. வீடு வெள்ளவத்தை, கராஜ் கொட்டாஞ்சேனை. தொழில், செத்துப்போன கார்களுக்கு உயிர் குடுக்கிறது. அப்பிடி எழுதேலாதோ? சரி, பழைய கார் திருத்திறது எண்டே எழுதுங்கோ.

நீங்கள் கேக்கிறது ஒரே ஒரு கேள்வி. காலமை அந்தக் காரைக் கொண்டு போனது ஆர், எந்த றோட்டில போகினம். காரை நிப்பாட்டாட்டி அதில போற ஆக்களுக்கு ஆபத்து எண்டு பாலேஸ்வரி அக்கா இங்க வந்து அழுதவாவாம். அவா அழுறதில நியாயம் இருக்கு. நான் சொல்லுவன், ஒளிக்க மாட்டன். ஆனால் நடுவில துவங்கினால் நீங்கள் பிழையா எழுதிப்போடுவியள், பிறகு பேப்பர்காரர் என்னை ஒரு விசரன் மாதிரிப் போடுவாங்கள். ஆனபடியால் முதலில இருந்து வாறன். மணிக்கூட்டைப் பாக்காமல் எழுதுங்கோ, கெதியா முடியும்.

கார் அறுபத்தொன்பதாம் ஆண்டு மஸ்டாங். எம்பசிக்காரர் ஒருத்தர் அமெரிக்காவில இருந்து கொண்டு வந்து இங்கயே விட்டிட்டுப் போனது. ஸ்டியரிங் இடக்கைப் பக்கம், நம்பர் பழைய ஸ்ரீ நம்பர். நான் அதைக் கண்டது தெமட்டகொடையில, றெயில் யார்டுக்குப் பின்னால ஒரு அரிசிக் கிட்டங்கியில. பின்சீட்டில நாய் குட்டி போட்டிருந்தது. கை வச்ச இடமெல்லாம் தகரம் விசுக்கோத்து மாதிரி உதிர்ந்தது. பாத்த ஆக்கள் எல்லாரும் இரும்புக் கடைக்குப் போடச் சொல்லிச்சினம். எனக்கு அண்டைக்கே காய்ச்சல் மாதிரி ஒரு ஆசை பிடிச்சிட்டுது.

ஆறு வருசம் வேலை செய்தன். துருப்பிடிச்ச தகரம் எல்லாத்தையும் வெட்டி எடுத்துப் புதுசு வச்சன். என்ஜினைக் கழட்டி ஒவ்வொரு சாமானாக் கழுவினன். பழைய காரின்ர வடிவு வேணும், ஆனால் பழைய காரின்ர கரைச்சல் வேண்டாம் எண்டு முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக், ஐஞ்சு கியர், பவர் ஸ்டியரிங், ஏசி எல்லாம் பூட்டினன். கடும்நீலப் பெயின்ற் பன்னிரண்டு தரம் அடிச்சு, ஒவ்வொரு தரமும் கையால தேய்ச்சன். அந்த ஆறு வருசத்துக்குள்ள மனிசி பெடியளோட கனடாவுக்குப் போனவா. போறன் எண்டு சொன்ன அண்டைக்கு நான் காருக்குக் கீழ இருந்தன், சரி எண்டு சொன்னன்.

பிறகு ஒருநாள் வேலை முடிஞ்சுது. அது தான் பெரிய துன்பம், தங்கச்சி. காலமை கராஜைத் திறப்பன், கார் மினுங்கிக்கொண்டு நிக்கும், எனக்குச் செய்ய ஒண்டும் இராது. ஒரு மாசம் சும்மா துடைச்சுக்கொண்டிருந்தன். துடைக்கிறது ஒரு வேலையே? சரி, விப்பம் எண்டு யோசிச்சன்.

முதல் வாங்கினவர் இரத்தினசிங்கம். வெள்ளவத்தையில இரும்புச் சாமான் கடை வச்சிருந்தவர். நல்ல மனுசன், கொஞ்சம் வாய் கூட. எங்கட ஆக்களின்ர வழக்கம் உங்களுக்குத் தெரியும் தானே. நல்ல நேரம் பாத்துச் சாவி வாங்கி, கோயில் வாசலில பூசை செய்து, நாலு சில்லுக்குக் கீழயும் தேசிக்காய் வச்சு ஏத்தி நசிச்சுக்கொண்டு போகோணும். ஐயர் போனட்டில சந்தனத்தை அப்பினார். சந்தனம் பெயின்றைத் தின்னும். அவர் அங்கால திரும்ப நான் லேஞ்சியால துடைச்சுவிட்டன்.

அண்டைக்குப் பின்னேரம் கராஜைக் கூட்டேக்க தான், மேசையில ஒரு தேத்தண்ணிப் பீரிசுக்குள்ள அந்தப் பின்னைக் கண்டனான். ஸ்டியரிங்கில இருந்து வாற தடியைச் சில்லோட பிடிக்கிற நட் ஒண்டு இருக்கு. அந்த நட் கழராமல் இருக்கக் குறுக்க ஒரு சின்னப் பின் குத்தி மடக்கிவிடுறது. குத்த மறந்துபோனன். ஆறு வருச வேலையில ஒரே ஒரு மறதி. இதை மறதி எண்டே எழுதுங்கோ, அது தான் உண்மை.

போனைக் கையில எடுத்தன். இரத்தினசிங்கத்தின்ர நம்பரையும் எடுத்தன். கடைக்குப் பத்து நிமிச ஓட்டம் தான், நானே போய்ப் பூட்டியிருக்கலாம். போனைத் திரும்பக் கீழ வச்சிட்டுத் தேத்தண்ணி போட்டன். ஏன் எண்டு நீங்கள் கேக்கிறியள். எனக்கு அப்ப தெரியேல்ல. நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த நாளும் அப்பிடித்தான் நினைச்சன்.

மூண்டாம் கிழமை புத்தளம் றோட்டில, நேரான இடத்தில, கார் மரத்தில மோதி ஆள் அந்த இடத்திலயே முடிஞ்சார். தனியப் போனவர். மீற்றரில முந்நூற்றிப் பத்துக் கிலோமீற்றர் ஓடியிருந்தது. ஓட்டத் தெரியாமல் பவர் கூடின காரை எடுத்து ஓடினவர் எண்டு எல்லாரும் கதைச்சினம். நான் செத்தவீட்டுக்குப் போய்க் கடைசி மட்டும் நிண்டன். உந்தச் சனியனை இனிக் கண்ணால பாக்கேலாது, நீங்களே கொண்டு போங்கோ எண்டு தம்பிமார் சொல்லிச்சினம். லொறியில ஏத்திக் கொண்டு வந்தன்.

கராஜில இறக்கிப்போட்டுச் சுத்திவரப் பாத்தன். முன்பக்கம் முழுக்கப் போட்டுது. சட்டமும் வளைஞ்சிருந்தது. நாலு வருச வேலை. எனக்குச் சந்தோசமா இருந்தது, தங்கச்சி. மறைச்சு என்ன பிரயோசனம்? அண்டைக்குத் தான் கன நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டனான்.

ரெண்டாவது பாமன்கடை நாகேந்திரம், பாங்கில இருந்து ரிட்டயர் பண்ணினவர். பாலேஸ்வரி அக்கா அவற்ற மனிசி. அந்த முறை நான் ஒண்டையும் மறக்கேல்ல. அந்தப் பின் பீரிசுக்குள்ள கிடக்க வேணும் எண்டு தான் கிடந்தது.

இதில நீங்கள் ஒரு விசயத்தைச் சரியா எழுதோணும். நான் ஆரையும் ஏமாத்தேல்ல. கார் வாங்க வந்த எல்லாருக்கும், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கோ எண்டு என்ர வாயாலயே சொன்னனான். காரில உண்மையான விருப்பம் உள்ளவன் முழங்காலை மடிச்சு ஒருக்காக் கீழ குனிஞ்சு பாப்பான். பாத்தால் தெரியும், நட்டில ஓட்டை வெறுமையாக் கிடக்கும். ஒருத்தன் பாத்திருந்தால் கூட அந்த இடத்திலயே பின்னைக் குத்தி, கும்பிட்டு அனுப்பியிருப்பன்.

நல்ல நேரம் குறிச்சுக் குடுக்கிறது மட்டும் நான். பஞ்சாங்கம் ரெண்டு வகையும் கராஜில இருக்கு. நேரம் நீளமா இருக்கிற நாளும் வரும், இருவது நிமிசத்தில முடியிற நாளும் வரும். நான் குறுகினதை எடுப்பன். மற்றதெல்லாம் அவையளே பாத்துக்கொள்ளுவினம்.

நாகேந்திரம் அக்காவோட மஜீட் நானாவையும் கூட்டிக்கொண்டு வந்தவர். தெமட்டகொடையில கெட்டிக்கார மெக்கானிக், எனக்கும் அவரில மதிப்பு. என்ஜினைப் பாத்தார், பிரேக்கைப் பாத்தார், பிறகு கீழ போறதுக்குச் சாக்கை விரிச்சார். நான் மணிக்கூட்டைப் பாத்தன். நேரம் போகுது போல எண்டு மட்டும் மெல்லச் சொன்னன். நாகேந்திரத்துக்குப் பதறிப்போச்சு.

“மஜீட் நானா, எழும்புங்கோ. பன்னிரண்டுக்கு ராகுகாலம் துவங்கீரும். ஞாயித்துக்கிழமை ஆறுதலாப் பாப்பம்.”

“அடியயும் பாத்தா தான் சேர் சரியா வரும்.”

“பாப்பம், பாப்பம். முதல் சாவியை வாங்குவம்.”

மஜீட் நானா சாக்கைத் தட்டி மடிச்சார். ராகுகாலத்துக்குப் பயந்து ஒரு மனுசன் தன்ர கழுத்தைத் தானே நீட்டினால் அதுக்கு நான் பொறுப்பே?

அந்த ஞாயிறுக்கு முதல், வெள்ளிக்கிழமை, நுவரெலியாவுக்குப் போற வழியில கடுகண்ணாவை வளைவில கார் திரும்பேல்ல. மனுசன் போயிட்டார், அக்காவுக்கு இடுப்பும் காலும் முறிஞ்சுது. நான் ஆஸ்பத்திரிக்குத் திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டு நாலு தரம் போய்ப் பாத்தனான். நாலாம் தரம் தான் உடைஞ்ச காரைத் திரும்ப வாங்கிறதைப் பற்றிக் கதைச்சன், அதுக்கு முதல் வாயே திறக்கேல்ல. அவா என்ர கையைப் பிடிச்சு, எங்களுக்கு உங்களை விட்டால் ஆர் அண்ணை உதவி எண்டு அழுதவா. எனக்கும் கண் கலங்கிப்போச்சு. அது நடிப்பில்லை.

அதைத் திருத்த ஐஞ்சு வருசம். என்ர கை முதல் மாதிரி இல்லை, நடுங்குது. ஆனாலும் இந்த முறை தான் திறம் வேலை. போன மாசம் முடிச்சன்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். மூண்டாவது ஆள் இளம் ஆள், ஐடி கொம்பனியில வேலை. வீடியோவில காரின்ர சத்தத்தைக் கேட்டிட்டுத் தான் வந்தவர். போனட்டைத் திறந்து காட்ட, உள்ளுக்குப் பாக்காமல் படம் எடுத்தார். மனிசி தான் கெட்டிக்காரி. கராஜில ஒருக்கா உயத்திப் பாத்திட்டு எடுப்பம் எண்டு அவ காலமையும் கோயில் வாசலில நிண்டு சொன்னவ. நேரம் எட்டு நாலில இருந்து எட்டு இருவத்தெட்டு. ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள்ள சனம், பஸ், முச்சக்கரவண்டி, அதுக்குள்ள எங்க கீழ குனியிறது? இன்னும் பத்து நிமிசம் தான் இருக்கு, போயிட்டு வந்து பாப்பம் எண்டு புருசன் அவவைத் தள்ளாக் குறையா ஏத்தினார். அவ ஏறேக்க என்னைத் திரும்பிப் பாத்தவ. நான் தலையாட்டினன்.

அப்ப தான் பாலேஸ்வரி அக்கா பொல்லை ஊண்டிக்கொண்டு எதிர்ப்பக்கத்தில நிண்டவா. காரைப் பாத்தவா, நம்பரைப் பாத்தவா, பிறகு என்னைப் பாத்தவா. நான் தான் அப்ப சத்தமாச் சொல்லிக்கொண்டு நிக்கிறன், நேரம் போகுது, நேரம் போகுது எண்டு. அவாவுக்கு எல்லாம் விளங்கீட்டுது எண்டு முகத்தில தெரிஞ்சுது. ஆனால் பொல்லோட றோட்டைக் கடந்து வர அவாவால ஏலாது தானே. கார் போயிட்டுது. நான் அவாவுக்குக் கை காட்டினன், அவா காட்டேல்ல.

இப்ப நேரம் என்ன? ரெண்டே முக்காலோ? அப்ப சரி.

எழுதுங்கோ. பேர் சயந்தன். மனிசி சுபோதினி. மகள் மிதுனா, நாலு வயது. நல்லூரில நேர்த்தி ஒண்டு இருக்கு, புதுக் காரில முதல் ஓட்டம் அங்க தான். புத்தளத்தால போய் அநுராதபுரம், வவுனியா. போன் நம்பர் என்ர பொக்கற்றில இருக்கிற துண்டில இருக்கு, வந்த உடனேயே உங்கட ஆக்கள் எடுத்து அந்த மேசை லாச்சிக்குள்ள போட்டவை. பெரிய சேர் காலி றோட்டுக்கும் கண்டி றோட்டுக்கும் ரேடியோவில சொன்னது எனக்கு இங்க கேட்டது. பிழையான பக்கம் எண்டு சொல்ல வாய் உன்னினது தான். ஆனால் ஒருத்தர் கதைக்கேக்க குறுக்க விழுறது எனக்குப் பிடியாது, நானும் விழுறேல்ல. இப்ப வவுனியா தாண்டியிருப்பினம். முந்நூறு கிலோமீற்றர் கூடக் குறைய வரும்.

ஏன் எழும்புறியள்? இருங்கோ, நான் இன்னும் கையெழுத்து வைக்கேல்ல. பெரிய சேர் போன் எடுக்கட்டும், நீங்கள் இருந்து எழுதுங்கோ. மணி அடிக்குதாம், ஆள் தூக்கேல்லையாம். ஓடேக்க போன் எடுக்க வேண்டாம், இது பவர் கூடின கார், ஆபத்து எண்டு நான் தான் அவருக்குச் சொன்னனான். அந்தளவுக்கு அக்கறையாச் சொன்னதை ஆள் கேக்கிறார் போல.

என்னை மறியலில போடுவியள், அது தெரியும். வழக்கு முடிஞ்சு காரை ஏலத்தில விடேக்க எனக்கு ஒரு சொல்லு அனுப்புங்கோ. என்னால திருத்த ஏலாட்டியும், ஆருக்காவது சொல்லிக் குடுக்கலாம், வேற ஆரும் தொட்டால் பழுதாக்கிப் போடுவாங்கள்.

கல்நெஞ்சக்காரன் எண்டு மட்டும் என்னை எழுதிப்போடாதேங்கோ, தங்கச்சி. பின்சீட்டில இருந்த பழைய பெல்ட் இடுப்பைச் சுத்தி மட்டும் தான் வரும், சின்னப் பிள்ளைக்குச் சரிவராது. பிள்ளை இருக்கெண்டு சுபோதினி சொன்ன உடனே, ரெண்டு நாள் குந்தியிருந்து, தோளால வாற புதுப் பெல்ட் நானே பூட்டிக் குடுத்தனான். சதம் வாங்கேல்ல. அதையும் எழுதுங்கோ.