பூதத்துக்குப் பசி

…அதான் கேக்குறேன், இதெல்லாம் ஒரு நடையாங்க? நீங்க பேப்பர் சாம்பிள் காட்ட வந்தவரு, பொழுது போகட்டும்னுதான் இந்தப் புஸ்தகத்தைக் கையில குடுத்தேன். முதலாளி கூப்பிடுற வரைக்கும் நாம ரெண்டு பேரும் இந்த பெஞ்சைத்தானே தேய்க்கணும். மொதப் பக்கத்தைப் பாருங்க. ‘பூதம் கதவைத் தட்டியது. அவள் திறந்தாள். பசிக்கிறது என்றது.’ அவ்ளோதான். பூதம்ங்க அது… பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி வந்து நிக்குது.

எழுதினது ஒரு நர்ஸம்மா. ‘ஜுரம் இருக்கு, மாத்திரை குடுத்தாச்சு’ன்னு சார்ட் எழுதுற கை. மாயாஜாலக் கதையையும் அப்படியே எழுதிக் கொண்டாந்துச்சு. மொதல்ல இங்கதான் வந்துச்சு, என் மேஜைக்கு. இருபத்திரண்டு வருஷமா எடிட்டருங்க நான், சும்மா விடுவேனா? ‘அண்டம் கிடுகிடுக்க, ஊழி இருளே உருவெடுத்தாற்போன்ற அப்பெரும்பூதம், தன் வைரம் பாய்ந்த விரல்களால்…’னு ஆரம்பிச்சேன். கதவு தெறக்கவே நாலு பக்கம் ஆச்சு. மொத்தப் புஸ்தகத்தையும் இப்படி இழைச்சு இழைச்சு… எட்டு மாசம்.

அந்தம்மா படிச்சுட்டு போன் பண்ணுது. ‘சார், என் பூதத்துக்குப் பசி. இவ்ளோ நேரம் வாசல்ல நிக்காது’ங்குது. கதையை வாங்கிட்டுப் போயிடுச்சு. எதிர்த்த தெரு பதிப்பகத்துக்காரன் ஒரு கமா மாத்தாமப் போட்டான். மூணாவது பதிப்பாம், வயித்தெரிச்சல். இப்ப நம்ம முதலாளி, ‘கை நழுவ விட்டுட்டீங்களே, அதுல அப்படி என்ன கொறைன்னு வந்து காட்டுங்க. இல்லேன்னா வேற எடம் பாத்துக்குங்க’ங்கறார். இந்த வயசுல எனக்கு எவன் எடம் குடுப்பான்?

காட்டிடலாம்னுதான் நேத்துக் காலையில செவப்புப் பென்சிலோட உக்காந்தேன். மொதப் பக்கத்துல மூணு சுழி. ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு. அப்புறம்… பென்சில் எங்க போச்சுன்னே தெரியலீங்க. சாப்பிட்டு முடிச்ச பூதம், அவ தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போகும் பாருங்க, அங்க நிமிர்ந்தேன். சாயங்காலம் ஆயிருந்துச்சு. கண்ணுல தண்ணி. அந்த எடத்தை நான் எழுதியிருந்தா பூதத்தை ரெண்டு பக்கம் அழ வெச்சிருப்பேன். படிக்கிறவன் ஒருத்தனும் அழுதிருக்க மாட்டான்.

இதோ, கூப்பிட்டாச்சு. புஸ்தகத்தைக் குடுங்க, அந்த நாலு சுழியையாவது காட்டிட்டு வரேன். ஏங்க… உங்களைத்தான். நான் இவ்ளோ நேரம் தொண்டை வறளக் கத்தினதுல ஒரு வார்த்தையாவது காதுல… எத்தனாவது பக்கம்? பதினெட்டா? அதுக்குள்ளயா?

சரி, சரி, படிங்க. பிடுங்க மாட்டேன். நான் வெறுங்கையோடயே உள்ள போறேன்.