கித்தாப்பாலில் ஒட்டிய தாள்

கித்தா மரம் நின்ன காலத்துக் கதை இது. நீங்க வந்த வழியெல்லாம் இப்ப எண்ணெய் எடுக்கிற செம்பனை நிக்குதுல்ல, அப்ப அத்தனையும் ரப்பர் மரம். கித்தான்னுதான் நம்ம சனம் சொல்லும். மலாயாவுல கெடா பக்கம் பெரியகல்லுத் தோட்டம்னு ஒரு தோட்டம் இருந்துச்சாம். வெள்ளக்காரத் தொரை அதுக்கு வாயில நுழையாத பேரு ஒண்ணு வச்சிருந்தான். அவன் போனான், அந்தப் பேரும் அவனோட போச்சு.

ஸ்பீக்கரை நிறுத்துப்பா. சாமி பாட்டு அப்புறம் கேக்கும், எங்கேயும் போயிடாது.

இந்தக் கதைய வேற யாரும் சொல்லக்கூடாது. எங்க வீட்டு ஆளுதான் சொல்லணும், அதுவும் நின்னுக்கிட்டே சொல்லணும். எங்கப்பா சொன்னாரு, இப்ப நான் சொல்றேன். நாற்காலி வேணாம்மா, கொண்டு போ. பெருமையான கதையா இருந்தா ஆளாளுக்கு மைக்கப் புடுங்குவீங்க. இது எங்க வீட்டு வெக்கம்.

அந்தத் தோட்டத்துல அல்லிமுத்துன்னு ஒரு வாத்தியாரு இருந்தாராம். எங்க தாத்தாதான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலு வகுப்புக்கும் அவரு ஒருத்தரே. கடுதாசி வந்தா அவருதான் படிக்கணும், கடுதாசி போடணும்னா அவருதான் எழுதணும். நல்ல குரலாம். அவரு படிச்சா சாவுச் சேதி கூட கேக்க நல்லா இருக்கும்பாங்க.

அவருக்கு மனசுல ஒரு முள்ளு குத்திக்கிட்டே இருந்துச்சாம். டவுன்ல கடை வச்சிருக்கிறவங்க நம்ம சனத்தப் பாத்து, கப்பல்ல வந்த கூலிக்கு ஏது ஊரு, ஏது வம்சம்னு பேசுவாங்களாம். அது அவருக்குப் பொறுக்கல. ஒரு கறுப்பு அட்டை நோட்டு வாங்கினாரு. லயத்துல, அதான் அந்த வரிசை வீடுகள்ல, வீடு வீடா போய் உக்காந்தாரு. எந்தச் சில்லா, எந்த ஊரு, குலசாமி எது, அப்பன் யாரு, பாட்டன் யாரு, யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான், எந்தப் புள்ளை எந்த வருசம் பொறந்துச்சு, எல்லாத்தையும் எழுதினாரு. எதிரும் புதிருமா ரெண்டு பக்கம், ஒரு வீட்டுக்கு. நோட்ட விரிச்சா ஒரு வீடு, தாளப் புரட்டினா அடுத்த வீடு. பன்னெண்டு வருசம் எழுதினாராம்.

அந்த நோட்டு இல்லாம தோட்டத்துல கல்யாணம் கிடையாது. பங்காளிக்குள்ள கட்டிடக் கூடாதுல்ல? மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தையும் பொண்ணு வீட்டுப் பக்கத்தையும் சபையில படிப்பாரு. படிக்கறதுக்கு முன்னால நோட்டுக்குத் துன்னூறு பூசுவாராம். தன் தாத்தன் பேர வாத்தியார் வாயால கேக்கும்போது சனம் நிமிந்து உக்காருமாம்.

அப்ப ஜப்பான்காரன் காலம் வந்துச்சு. தொரை ஓடிட்டான். அரிசி இல்ல, மரவள்ளிக் கெழங்குதான். சயாமுக்கு, இப்ப தாய்லாந்துங்கறாங்களே, அங்க ரயில் ரோடு போடணும்னு பக்கத்துத் தோட்டத்துலேருந்து ஆளுங்கள ஏத்திட்டுப் போனான். மூணு மாசம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனவங்க ஒம்பது மாசமாகியும் திரும்பல. ஒரு சேதியும் இல்ல. நம்ம சனம் புரிஞ்சுக்கிச்சு. லாரிச் சத்தம் கேட்டாலே பையன்களக் காட்டுக்குள்ள அனுப்பிட்டு, எங்க வீட்டுல ஆம்பள இல்லைன்னு சொல்லிடறதுன்னு பேசி வச்சிக்கிட்டாங்க. அந்தப் பேச்சுல அல்லிமுத்து வாத்தியாரும் இருந்தாரு. அவரு மவன் குழந்தைவேலுக்கு அப்ப பத்தொம்பது வயசு. எங்கப்பா.

ஒருநா காலையில பெரட்டுக் களத்துல லாரி வந்து நின்னுச்சாம். பேரு கூப்பிட்டு ஆளுங்கள வேலைக்கு அனுப்புற எடம்தான் பெரட்டுக் களம். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இதேதான். ஆபீசர் ஒருத்தன், துப்பாக்கிக்காரன் நாலு பேரு, பேச்ச மாத்திச் சொல்ல ஒரு டவுன்காரன். அவன் தமிழ் பேசுவான், ஆனா நம்ம எழுத்து ஒண்ணு தெரியாது. இத ஞாபகத்துல வச்சிக்குங்க.

ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு வந்தான். எனக்கு மவனே இல்லங்கிறான் ஒரு அப்பன். இந்தச் சட்டை யாருதுன்னே தெரியாதுங்கறா ஒருத்தி. வரிசையில ஒச்சாயி நின்னா. புருசன் இல்லாதவ. மவள வேற தோட்டத்துல கட்டிக் குடுத்துட்டா, கூட இருந்தது மவன் சங்கிலி மட்டும். ஒனக்கு எத்தன பையன்னு கேட்டான்.

"நான் மலடிங்கய்யா."

பெத்தவ தன் வாயால அப்படிச் சொல்லிக்கிட்டா. அதக் கேட்டு அந்த டவுன்காரன் சிரிச்சானாம். அப்பன் பேரு தெரியாது, மவன் பேரு தெரியாது, கூலிக் கும்பலுக்கு வம்சம் ஏது, நாய் நரி மாதிரி பெத்துப் போட்டுட்டு அலையுதுங்கன்னு சொன்னானாம்.

வாத்தியாருக்குத் தெரியும், சனம் புள்ளைகளக் காப்பாத்தத்தான் பொய் சொல்லுதுன்னு. தெரிஞ்சும் அந்த முள்ளு குத்திடுச்சு. வாய் முந்திக்கிச்சு.

"எங்க சனத்துக்கா வம்சம் இல்ல? அஞ்சு தலமுறைக்கு எழுதி வச்சிருக்கேன்" அப்படின்னுட்டாரு.

தவளை தன் வாயால கெடும்பாங்க. தவளையாவது தான் மட்டும்தான் கெடும். இவரு ஊரையே கெடுத்தாரு.

எடுத்துட்டு வான்னு ஆபீசர் கையக் காட்டுனான். துப்பாக்கிக்காரன் கூடவே போனான். நோட்டு வந்துச்சு. டவுன்காரன் வாங்கித் தலைகீழாப் புடிச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தான். நீயே படின்னான்.

படிச்சாரு. மொதல் வீடு படிச்சாரு. ஊரு, குலசாமி, பாட்டன், அப்பன், மவன். மவன் பேரும் வயசும் வந்ததும் டவுன்காரன் குறிச்சுக்கிட்டான். ரெண்டாவது வீடு படிச்சாரு. மூணாவது வீடு படிச்சாரு. ஒவ்வொரு பேருக்கும் ஒரு ஆத்தாக்காரி முந்தானைய வாயில அடச்சிக்கிட்டா. பொய் படிச்சா அந்த மூஞ்சிங்களப் பாத்தே புடிச்சிடுவான்னு பயந்தேன்னு பின்னால சொன்னாராம். பயம்தான், இல்லங்கல. கை நடுங்கிச்சு, ஆனா ஒரு எழுத்து விடாம படிச்சாரு. ஒச்சாயி வீடு வந்துச்சு. ஒச்சாயி மவன் சங்கிலி, வயசு இருபத்தொண்ணுன்னு படிச்சாரு. மலடின்னு சொன்னவ கண்ண மூடிக்கிட்டா.

அடுத்த வீடு எங்க வீடு.

அங்கதான் வாத்தியார் கை நடுக்கம் நின்னு போச்சு. கட்டை விரல எச்சில் தொட்டு, ரெண்டு தாளச் சேத்து ஒரே புரட்டாப் புரட்டினாரு. எங்க வீடு உள்ள போச்சு. அதுக்கடுத்த வீட்ட அதே குரல்ல படிச்சாரு.

அந்த ஒரு புரட்டுலதான் நான் இங்க நிக்கிறேன். நான், என் தம்பி, எங்க புள்ளைங்க, பேரப் புள்ளைங்க, எல்லாம் அதுலேருந்து வந்தவங்கதான்.

அப்புறம் என்ன. மவன்க வர்ற வரைக்கும் பொம்பளைங்கள வெயில்ல முட்டி போட வச்சான். ஆத்தா முட்டி போட்டு நிக்கிறத எந்த மவன் காட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டுப் பாத்துட்டிருப்பான்? ஒவ்வொருத்தனா வந்தான். இருபத்தேழு பேரு. லாரி கெளம்புச்சு. காட்டு ஓரத்துல ஒளிஞ்சு கேட்டுக்கிட்டிருந்த குழந்தைவேலு அப்பன்கிட்ட வந்து, "எம் பேரு எங்கப்பா?"ன்னு கேட்டானாம். சத்தம் போடாதேன்னு மட்டும் சொன்னாராம் வாத்தியாரு.

சண்ட முடிஞ்சுது. இருபத்தேழுல மூணு பேருதான் திரும்புனாங்க. எலும்பும் தோலுமா வந்தாங்க. சங்கிலி வரல. காய்ச்சல்ல போயிட்டான், பொதைக்கக்கூட ஆள் இல்லைன்னு அந்த மூணு பேருல ஒருத்தன் வந்து சொன்னானாம். ஒச்சாயி அவனுக்குக் கஞ்சி ஊத்திக் குடுத்துட்டு அப்புறம்தான் அழுதாளாம்.

வாத்தியார சனம் ஒண்ணும் கேக்கல. துப்பாக்கி முனையில படிச்சாரு, பாவம்னு விட்டுட்டாங்க. அவரு மவன் பேரு எப்படி விட்டுப் போச்சுன்னு யோசிக்கக் கூட அவங்களுக்குத் தெம்பு இல்ல. அதான் அவரத் தின்னுச்சு. தெருவுல போனா வணக்கம் வாத்தியாரேங்கறாங்க. ஒவ்வொரு வணக்கமும் செருப்படியா இருந்துச்சாம். நோட்ட அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டாரு. யாரு கேட்டாலும் தொலஞ்சிடுச்சுன்னாரு.

நாலு வருசம் கழிச்சு குழந்தைவேலுக்குப் பொண்ணு பாத்தாங்க. பொண்ணு அதே தோட்டம். தாம்பூலம் மாத்த இதே களத்துல சபை கூடுச்சு. பொண்ணோட மாமன்காரன் வந்து, நோட்டப் படிங்க வாத்தியாரே, பங்காளியா மச்சானான்னு தெரியணுமேன்னான். தொலஞ்சிடுச்சுப்பான்னாரு வாத்தியாரு.

ஒச்சாயி எழுந்திருச்சா. "தொலையல. போய் எடுத்துட்டு வா"ன்னா. ஒரு நாளும் ஒருமையில பேசாதவ.

போனாரு. எடுத்துட்டு வந்தாரு. துன்னூறு பூசக் கை போகல. தாளப் புரட்டிப் புரட்டி ஒச்சாயி வீடு வரைக்கும் வந்தாரு. அங்கேயே நின்னுட்டாரு. ஒச்சாயி பக்கத்துல வந்தா.

"அன்னைக்கிப் புரட்டுன மாதிரி ரெண்டு தாளாப் புரட்டு வாத்தியாரே" அப்படின்னா.

அவ்வளவுதான். வாத்தியாரு சபை நடுவுல உக்காந்துட்டாரு. நாப்பது வருசமா அந்தத் தோட்டத்துல எல்லாருக்கும் கடுதாசி படிச்ச வாயி, ஒண்ணொண்ணா சொல்லிச்சு. எம் மவன் பேர விட்டேன். ஊரான் புள்ளைங்கள எல்லாம் படிச்சேன். அவனுக்கு எழுத்து தெரியாது, ஒரு தாள் தாண்ட முடிஞ்ச எனக்கு எல்லாத் தாளையும் தாண்ட முடிஞ்சிருக்கும். தாண்டல. அப்படின்னாரு. ரெண்டு மவனப் பறிகொடுத்தவன் ஒருத்தன் பால் வெட்டுற கத்திய எடுத்துட்டு வந்தானாம். குழந்தைவேலு தலையக் குனிஞ்சுக்கிட்டு அவன் முன்னால போய் நின்னான். அந்த ஆளு கத்தியக் கீழ போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான்.

அன்னைக்கே பாத்துட்டியா, ஏன் சொல்லலைன்னு சனம் ஒச்சாயியக் கேட்டுச்சு. படிக்கத் தெரியாட்டி என்ன, தாளு ஒண்ணா ரெண்டான்னு எனக்குத் தெரியாதான்னா. அப்புறம் சொன்னாளாம்:

"நான் கத்தியிருந்தா எம் மவன எறக்கி விட்டிருக்க மாட்டான். இன்னொருத்தனையும் ஏத்தியிருப்பான்."

இதக் கேட்டுட்டுத்தான் வாத்தியாரு எழுந்தாராம். ஆலைக்குப் போக வச்சிருந்த வாளியிலேருந்து ஒரு கை கித்தாப்பால அள்ளினாரு. எங்க வீட்டுப் பக்கத்த விரிச்சு, ரெண்டு பக்கத்துலயும் தடவி, மூடி, மேல உள்ளங்கைய வச்சு அழுத்திக்கிட்டே நின்னாரு. காயற வரைக்கும் கைய எடுக்கல. கித்தாப்பால் காஞ்சா பிரியாது, பிரிச்சா தாளு கிழிஞ்சிடும். அன்னைக்கிச் சேந்து புரண்ட ரெண்டு தாளும் இன்னைக்கி வரைக்கும் சேந்துதான் புரளுது.

சரி, அப்ப கல்யாணம்? எங்க வம்சத்த இனி என் வாயால சொல்ல மாட்டேன்னுட்டாரு வாத்தியாரு. மாப்பிள்ளை வம்சம் தெரியாம எப்படித் தாம்பூலம் மாத்தறது? பொண்ணு வீட்டுக்காரங்க எழுந்திருக்கப் போனாங்க. உக்காருங்கன்னா ஒச்சாயி. வாத்தியாரப் பாத்து, ஒங்க ஆத்தாவும் நானும் ஒரே கப்பல்ல வந்தவங்க, அப்ப எனக்கு ஆறு வயசுன்னா. ஏழு நாளும் அந்தம்மா அழுதுக்கிட்டே அவ சனத்துப் பேரையும் புருசன் சனத்துப் பேரையும் சொல்லிக்கிட்டே வந்தா, அவ மடியில படுத்துக் கேட்டவ நான்னா. "நான் சொல்றேன், நீ நின்னு கேளு."

சொன்னா. ஊரு, குலசாமி, பாட்டன், பூட்டன், ஒண்ணு விடல. பங்காளி இல்ல, மாமன் மச்சான் மொறைதான்னு முடிச்சா. தாம்பூலம் மாறுச்சு. தன் மவன யாரு சயாமுக்கு அனுப்புனாரோ, அவரு மவனுக்கு அவ வாயாலதான் கல்யாணம் நடந்துச்சு.

அதனாலதான் வருசா வருசம் திருவிழா முடிஞ்ச மறுநா இந்தக் களத்துல பெரட்டு. தோட்டம் போச்சு, சனம் பினாங்கு, கோலாலம்பூர்னு எங்கெங்கேயோ போச்சு. ஆனாலும் வருவீங்க. அந்த நோட்ட எங்க வீட்டு ஆளு நின்னுக்கிட்டுப் படிக்கணும். பேரு கேட்டதும் அந்தந்த வீட்டுக்காரங்க, "இங்க இருக்கோம்"னு சொல்லணும். போன இருபத்தேழு பேர்ல வாரிசு இல்லாதவங்க பேரு வந்தா மொத்தச் சபையும் சொல்லணும். ஒட்டுன தாள் வந்ததும் படிக்கிறவரு வாய மூடிக்கணும். ஒச்சாயி வழியில வந்தவங்க யாராவது எழுந்து எங்க வம்சத்தச் சொல்லணும். அவங்க சொன்னாத்தான் நாங்க உக்காரலாம்.

ஒரு வருசம் அவங்க வந்த பஸ்ஸு வழியில நின்னு போச்சு. எங்கப்பாவுக்கு அப்ப அறுபத்தெட்டு வயசு. காலையில நின்னவரு சாயங்காலம் வரைக்கும் நின்னாரு. தண்ணி குடுத்தோம், வேணாம்னுட்டாரு.

ஏன் சார், நீங்க படிச்சவங்களாச்சே, ஒங்க வம்சத்த வேற நோட்டுல எழுதி வச்சிக்கலாமேன்னு போன வருசம் ஒரு தம்பி கேட்டான். எழுதலாம்பா. வருசா வருசம் கேக்கறதுனால எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. ஆனா அத எங்க வாயால சொல்ற யோக்கியத எங்களுக்கு இல்ல. ஒங்க எல்லார் வம்சமும் எங்க வாயில இருக்கு. எங்க வம்சம் ஒச்சாயி வீட்டு வாயிலதான் இருக்கு. அவங்க மறந்துட்டா நாங்க இல்லவே இல்ல.

சரி, வெயில் ஏறுது. பெரட்டுக்கு எழுந்திருங்க. ஒச்சாயி மவ வழிப் பேத்தி தேன்மொழி எங்க? ஏம்மா, பின்னால போய் நிக்கிற. முன்னால வா. ஒன்னத்தான் நம்பி நிக்கிறேன்.