விதைத் தொட்டியின் மூடி

மூடிய தொட்டிக்குள் அந்துப்பூச்சி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு வெகுகாலம் பிடிபடவில்லை, சார். தொட்டியைக் கழுவிக் காயவைத்து, வேப்பந்தழை போட்டு மூடினாலும், அடுத்த முறை திறக்கும்போது வெளிறிய சின்னப் பூச்சிகள் முகத்தில் வந்து மோதும்.

தப்பு தொட்டியில் இல்லை. வயலில் கதிர் முற்றும்போதே தாய்ப்பூச்சி நெல்மேல் முட்டை வைத்துவிடுகிறது. பொரிந்த புழு மயிரிழை போலிருக்கும். உமி இடுக்கில் நுழைந்து, ஒரே நெல்லுக்குள் உட்கார்ந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல நெல்தான். கூட்டுப்புழு ஆவதற்கு முன் உமியில் வட்டமாக ஒரு ஜன்னல் அறுத்து, மெல்லிய தோலை மட்டும் கதவாக விட்டுவைக்கும். இறக்கை முளைத்ததும் அதைத் தள்ளிக்கொண்டு வரும். எவ்வளவு நேர்த்தி பாருங்கள். நாமே அதை வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளே வைத்து மூடுகிறோம்.

அதற்கு மருந்து வேண்டாம். புழுவும் மூச்சு விடுகிறது. வெளிக்காற்று புகாவிட்டால், உள்ளிருக்கும் காற்றைத் தானே செலவழித்து அடங்கிவிடும். காய்ந்த நெல்லுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் மூடி விளிம்பில் லாரி டியூபை வெட்டி ஒட்டினேன். காற்று சீக்கிரம் தீர, மாதா கோயிலில் பிப்ரவரியில் மந்திரித்துத் தரும் மெழுகுவர்த்தியை நெல்மேல் ஏற்றி வைப்போம். என் தம்பி பிராங்க்ளின் ஒல்லி. அவன்தான் உள்ளே இறங்கி நெல்லை மிதித்துச் சமன் செய்வான், மெழுகுவர்த்தியை ஏற்றுவான், என் கையைப் பிடித்து மேலே வருவான். பிறகு நான் மூடுவேன்.

இந்த வருஷம் அவன் பங்கு நிலத்தை இறால் குட்டைக்கு விடப்போவதாகச் சொன்னான். கழுவெளி ஏரியின் உப்புத் தண்ணீரைக் குட்டையில் தேக்கினால் பக்கத்து வயலுக்குக் கசியும். பக்கத்து வயல் என்னுடையது. அவன் தொட்டிக்குள் நின்றபோது அதையும் பொறுமையாக விளக்கினேன்.

"ஏண்ணே, பூச்சிக்குப் பாடம் எடுத்து முடிச்சிட்டு எனக்கு ஆரம்பிச்சிட்டியா?" என்று சிரித்தான்.

"வரப்புக்கு இந்தப் பக்கம் உப்பு வந்துடும்டா."

"வரட்டும். நீயும் ஒரு குட்டை வெட்டு. இல்லன்னா நெல்லைக் கட்டிக்கினு அழு. கையக் குடுண்ணே, சூடு தாங்கல."

மெழுகுவர்த்தி நன்றாக எரிந்தது. நீட்டிய கையைப் பார்த்தேன். வேலையில் அடுத்தது மூடி. மூடித் திருகுகளை முறுக்கினேன். கொஞ்ச நேரம் தட்டினான். பூச்சியும் மூடியில் மோதும்தான், ஆனால் அது காதில் விழாது.

அவன் மனைவி லீமா வந்து, "மாமா, அவரு எங்க?" என்றாள்.

"குட்டை வெட்டுற ஆளப் பாக்க கோட்டக்குப்பம் போறேன்னு சொன்னாம்மா."

அவள் காத்திருந்தாள். பிறகு பிழைக்க வழியில்லாமல் அவளே நிலத்தைக் குட்டைக்கு விட்டாள். இப்போது அங்கே பம்பு ஓடுகிறது. என் வயலில் உப்புப் பூத்துவிட்டது.

ஆடியில், விதைக்கும் பருவத்தில், மூடியைத் திறந்தேன். நாற்றத்துக்கு ஓடிவந்த லீமாதான் உங்களைக் கூப்பிட்டாள். மேல் நெல் ஈரம் கண்டு கெட்டிருந்தது, அது அவனால். அடியில் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். ஒரு நெல்லிலும் ஜன்னல் இல்லை. விதைக்க நிலமில்லை, அது வேறு விஷயம்.

என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். அவனை நான் ஒன்றும் செய்யவில்லை, சார். நெல்லை நன்றாகக் காயவைத்துக் கொட்ட வேண்டும், காற்றுப் புகாமல் மூட வேண்டும், யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. அந்து வராது.