பந்திக்கு வெளியே கேட்ட கேள்வி

மேடையில் இருக்கும் பங்குத்தந்தை அவர்களுக்கும், அதிபர் அவர்களுக்கும், கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் ஐயாவுக்கும், மறைந்த மக்டலீன் ரீச்சரின் குடும்பத்தாருக்கும், குருநகர் மக்களுக்கும் என் வணக்கம்.

மண்டபத்துக்குள் வந்தவுடன் நான் முதலில் கண்டது ரீச்சரின் படத்தை அல்ல. படத்துக்குக் கீழே பதாகையில் அச்சடித்திருக்கும் வரியை. "தரம் ஏழு கிரகித்தல் பரீட்சையில் நூறு வீதச் சித்தி பெற்றுத் தந்த நல்லாசான் மக்டலீன்." யார் எழுதியது இதை? ரீச்சர் உயிரோடு இருந்திருந்தால் அந்த வரியைத் தன் கையாலேயே கிழித்திருப்பாரே!

என் பெயர் ஸ்ரெல்லா. தரம் ஒன்பதோடு பாடசாலையை விட்டு இறால் கொம்பனிக்கு வேலைக்குப் போனவள். மேடையில் பேசிப் பழக்கமில்லை. ரீச்சரின் மகள் நிரோஜினி அக்காதான், "மற்றவை எல்லாரும் புகழப்போகினம். நீ நடந்ததைச் சொல்லு" என்றார். நடந்ததைச் சொல்கிறேன்.

நானும் சித்தியடைந்தவள்தான். கிரகித்தல் பரீட்சையில், வாசித்து விளங்கிக்கொள்ள ஏழெட்டு வரியில் ஒரு பந்தி தருவார்கள், கீழே கேள்விகள். கேள்வியில் உள்ள சொல் பந்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வசனத்தை அப்படியே பார்த்து எழுதினால் முழுப் புள்ளி. பந்தி எதைப் பற்றியது என்று தெரிய வேண்டியதே இல்லை. கொம்பனியில் மேசை கழுவும் மருந்து வரும் பிளாஸ்ரிக் கானில் தமிழில்தான் எழுதியிருந்தது: "ஐதாக்கிய பின்னரே பயன்படுத்துக." ஓர் எழுத்துக்கூடப் பிழைக்காமல் உரத்து வாசித்தேன். மற்றப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பிறகு அந்த மருந்துக்குள் கையை விட்டேன். ஐதாக்குவது என்றால் தண்ணீர் விட்டுக் கலப்பது என்று ஆஸ்பத்திரியில்தான் அறிந்தேன்.

வெந்த கை ஆறியதும் மக்டலீன் ரீச்சரின் சனிக்கிழமை வகுப்புக்குப் போய், தரம் ஏழுப் பிள்ளைகளுக்குப் பின்னால் கடைசி வாங்கில் உட்கார்ந்தேன். ஏன் வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் ஒரு வினாத்தாள் தந்தார்.

அன்றைய பந்தி, அன்று காலைப் பத்திரிகையில் வந்த வானிலை அறிவித்தல். வடகடலில் பலத்த காற்று வீசும், நாளை வரை மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். கீழே ஒரே ஒரு கேள்வி: "இன்று பின்னேரம் யாகப்பு கடலுக்குப் போகலாமா? ஏன்?"

ஒருவரும் எழுதவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் டினேஸ் எழும்பினான்.

"ரீச்சர், கேள்வி பிழை."

"என்னடா பிழை?"

"யாகப்பு எண்ட பேர் பந்தியிலை இல்லை."

"யாகப்பு ஆர்?"

"எங்கடை அப்பா."

"இப்ப எங்கை நிக்கிறார்?"

"கரையிலை நிக்கிறார், வலை ஏத்திறார். பின்னேரம் தொழிலுக்குப் போறார். ஆனா ரீச்சர், பந்தியிலை இல்லை."

"அப்பாவைத் தூக்கிப் பந்திக்குள்ளை போடடா!" என்றாள் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. ரீச்சர் சிரிக்கவில்லை.

"உந்த அறிவித்தல் உன்ரை அப்பாவுக்குத்தானடா எழுதினது!"

டினேஸ் தாளைத் திரும்பப் பார்த்தான். பிறகு செருப்பையும் விட்டுவிட்டுக் கரைக்கு ஓடினான். யாகப்பு அங்கிள் அதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறார். அன்று பின்னேரம் அவர் கடலுக்குப் போகவில்லை. அவர் இங்கே இருப்பதற்கு யார் காரணம்? உங்கள் நூறு வீதமா?

ரீச்சர் அந்த வெறும் தாள்களோடு கல்வி அலுவலகத்துக்குப் போனார். "பிள்ளையளுக்கு வாசிக்கத் தெரியும், விளங்கத் தெரியாது. இப்பிடிக் கேட்டுச் சோதிச்சாத்தான் ஆருக்கு உதவி வேணுமெண்டு தெரியும்" என்று கெஞ்சினார். ஐயா, நீங்கள் சொன்ன பதிலை நிரோஜினி அக்கா பக்கத்தில் நின்று கேட்டார். "கேள்வி பந்திக்கு வெளியாலை போகுது ரீச்சர். பெறுபேறு விழுந்தால் நீங்களே பதில் சொல்லுவியள்?"

பரீட்சைக்குப் பழையமாதிரி வினாத்தாளே வந்தது. பார்த்து எழுதினார்கள். எல்லாரும் சித்தி! அடுத்த சனிக்கிழமை வகுப்பறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. அதிபர் சொன்னார்: "எல்லாரும் சித்தியெண்டால் மேலதிக வகுப்பு எதுக்கு ரீச்சர்?"

எதுக்கா? மருந்துத் துண்டை வாசித்துவிட்டுப் பிழையான அளவைக் குடிக்காமல் இருக்க. விளங்காத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமல் இருக்க. காற்றுக்குள் படகை இறக்காமல் இருக்க. இதற்குத்தான் ஐயா வகுப்பு! தோல்வியைக் காட்டும் பரீட்சை உங்களுக்கு வெட்கமாக இருந்தது. ரீச்சருக்கு அது வெட்கமில்லை. எங்கே வேலை தொடங்க வேண்டும் என்று அது காட்டியது, அவ்வளவுதான். நெஞ்சுவலி வந்த கிழமையும் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லி அலைந்தார். அவரை நீங்கள் கொன்றீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பொய் என்று சொன்னதையே அவருடைய பெருமையாக எழுதி, அதற்கு மேலே மாலையும் போட்டிருக்கிறீர்களே, அது எந்த நியாயம்?

சற்று முன் அதிபர் அறிவித்தார். ரீச்சரின் நினைவாக ஆண்டுதோறும் உரத்து வாசிக்கும் போட்டியாம், வெற்றிக் கிண்ணமாம். உரத்து வாசிக்க எங்களுக்குத் தெரியும் ஐயா. கிண்ணம் வேண்டாம், வகுப்பறைப் பூட்டின் திறப்பைத் தாருங்கள். தராவிட்டாலும் வகுப்பு நடக்கும். நிரோஜினி அக்கா வீட்டு முற்றத்தில் பாய் விரித்து நடத்துவோம். அவர் கேள்வி கேட்பார். நான் பிள்ளைகளோடு இருந்து எழுதுவேன். இது ரீச்சருக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சிநிரலில் இருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், ரீச்சரின் வகுப்பு ஒருநாளும் மௌனமாக இருந்ததில்லை. பிள்ளைகளே, இங்கே பாருங்கள். வெளிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். "நாளை காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை இப்பகுதிக்கு மின்சாரம் தடைப்படும்."

எங்கடை வீட்டுத் தண்ணித் தாங்கி இப்ப வெறுமையாக் கிடக்கு. நான் எப்ப மோட்டர் போட்டுத் தண்ணி ஏத்தவேணும்? ஏன்?

கையை உயர்த்துங்கோ. பெரியாக்கள் ஆரும் சொல்லிக் குடுக்கக் கூடாது.