ஆறு மணிக் கையெழுத்து

மூன்றாம் வகுப்போடு நின்றும் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்தவன் நான். கார் சர்வீஸுக்குப் போயிருந்ததால் அன்று அனுப்பர்பாளையம் பஸ்ஸில் வந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் சொன்னாள்:

“என்ற ஊட்டுக்காரர் மண்டையை உடைச்ச உன் புருசனுக்கு ஜாமீன் குடுங்கன்னு நாந்தான் கண்ணு ஜட்ஜம்மாகிட்டச் சொன்னேன். தினமும் காலையில ஆறு மணிக்கே ஸ்டேசன்ல கையெழுத்துப் போடோணும்னு மட்டும் கேட்டேன்.”

“அது எதுக்குக்கா ஆறு மணி?”

“குடிச்சாத்தானே அடிக்கறான்? விடிஞ்சதும் போலீசு முன்னால நிக்கோணும்னா ராத்திரி எப்படிக் குடிப்பான்?”

“நெசந்தான்க்கா. ஒரு மாசமா சொட்டுகூடத் தொடல. இப்பதான் பிள்ளைய மடியில போட்டுக் கொஞ்சுதாரு.”

“கையெழுத்தை நிறுத்தச் சொல்லி உங்க வக்கீல் மனுப் போட்டிருக்காராமே?”

இளையவள் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நிறுத்த வேணாம்னு நீங்களே ஜட்ஜம்மாகிட்டச் சொல்லிருங்கக்கா.”