முன்னணைக்கு இன்னொரு சொல்லு

இல்ல தம்பி, நீங்க உக்காருங்க. வாசல்ல பனி தள்ளுற சத்தம் கேக்குதில்ல, அதுதான் அவரு. இந்த வயசுல எதுக்குன்னு கேட்டா, சபைக்கு வர்றவங்க வழுக்கி விழுந்துருவாங்களாம். வர்றதே ஏழு பேரு. எல்லாம் இந்தப் பனியிலயே பொறந்து வளந்தவங்க. விழுந்தா இவருதான் விழணும்.

கோழி எடுத்துக்கோங்க. அட, வெக்கப்படாதீங்க, உள்ள இன்னும் மூணு பெட்டி இருக்கு. கிறிஸ்மஸ்னா பொரிச்ச கோழியும் ஸ்ட்ராபெரி கேக்கும்னு இந்த ஊர்ல ஆயிப்போச்சு. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ, சத்தியமா நாங்க இல்ல. வெள்ளக்காரங்க பாவம், இது இல்லாம எப்படிப் பண்டிகை கொண்டாடுவாங்கன்னு அக்கம்பக்கத்துல ஆளுக்கு ஒரு பெட்டி கொண்டாந்து வச்சிட்டுப் போறாங்க. பெத்லகேம்ல யாரும் கோழி பொரிச்சதா வசனம் இல்லன்னு ஒரு வருஷம் சொல்லிப் பாத்தேன். நல்லா சிரிச்சாங்க. அடுத்த வருஷம் ரெண்டு பெட்டியாக் குடுத்தாங்க.

இன்னிக்கு ராத்திரி சின்னஞ்சிறுசுங்க சோடி சோடியா சுத்தும். நாளைக்கு எல்லாருக்கும் வேலை. கிறிஸ்மஸுக்கு லீவா, இங்கயா? அதனாலதான் ஆராதனை சாயங்காலம். அதுவும் ஹதகேயாமா அம்மா மீன் கடையச் சாத்திட்டு வந்தாத்தான். நாளன்னைக்கு மரத்தத் தூக்கிப் போட்டுட்டு, புது வருஷத்துக்கு வாசல்ல மூங்கில் கட்டிருவாங்க. இதுக்குத்தான் ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பலேறி வந்தோம்.

கசப்பாப் பேசறேனா? இருக்கட்டும். உங்கள அனுப்பின மெல்போர்ன் மிஷன் ஆபீஸ்ல போய் அப்படியே சொல்லுங்க. ஊழியக்காரர் பொண்டாட்டி எப்பவும் சிரிச்சிட்டே இருக்கணும்னு சட்டம் போட்டவங்க ஒருத்தராவது இங்க வந்து ஒரு தை மாசம் இருந்து பாக்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வரேன். காலைல அவரு பிரசங்கத்தச் சொல்லிப் பாத்தப்ப நீங்க குனிஞ்சுக்கிட்டு சிரிச்சீங்க. நான் பாத்தேன். பரவால்ல, இந்த பாஷையக் காலேஜ்ல படிச்சவரு நீங்க, காதுல குத்தத்தான் செய்யும். முன்னணைக்கு, அதான் பாலன் இயேசுவக் கிடத்தின மாட்டுத் தீனித் தொட்டிக்கு, இவங்க சொல்லு கைபாவொகே. இவரு சொல்றது கன்னொகே. கன்னொகேன்னா சவப்பெட்டி. பிள்ளையத் துணியில சுத்தி சவப்பெட்டியில கிடத்தினாங்கன்னு, அந்த நல்ல குரல்ல, நிறுத்தி நிதானமா சொல்றாரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க? நான் மீன் கடையில பேரம் பேசிப் படிச்ச பாஷை தம்பி, அவர விட எனக்கு நல்லாவே வரும்.

எத்தனை வருஷமாவா? வந்த வருஷத்துல இருந்தே.

ஆமா, யாரும் திருத்தினதில்ல. இவங்க மரியாதைக்காரங்க, மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்கன்னு உங்க புஸ்தகத்துல போட்டிருக்கும். நீங்க ஹதகேயாமா அம்மாவ இன்னும் பாக்கலியே. என் கோட்டப் பாத்து, அரிசி மூட்டைக்குக் கயிறு கட்டின மாதிரி இருக்குன்னு சபை நடுவுலயே சொன்னவங்க. இவரு பாட ஆரம்பிச்சா, சுதி சேரல, மறுபடி எடுங்கம்பாங்க. இந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அவங்க வாயத் திறக்கறதில்ல. குனிஞ்சுக்குவாங்க.

கடைசி வரிசையில தச்சர் குதோன்னு ஒருத்தர் இருந்தாரு, போன வருஷம் போய்ச் சேந்துட்டாரு. அந்தச் சொல்லு வந்ததும் அவரு எந்திரிச்சு நிப்பாரு. வசனம் முடிஞ்சதும் உக்காருவாரு. ஆராதனை முறை போலன்னு புதுசா வந்தவங்களும் எந்திரிச்சாங்க. இப்ப எல்லாரும் எந்திரிக்கறது எங்க சபை வழக்கமாவே ஆயிப்போச்சு. நாளைக்குப் பாப்பீங்க.

அவரு உள்ள வந்ததும் பக்குவமா எடுத்துச் சொல்லலாம்னு இருக்கீங்க. தெரியுது. நல்ல மனசோடதான் செய்றீங்க. ஆனா இதக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

நாங்க வந்த வருஷம் இந்த வீட்டுல மண்ணெண்ணெய் அடுப்பு கூடக் கிடையாது. ஜன்னல் இடுக்குல பனி உள்ள வரும். அவருக்கு நன்றி, வணக்கம், அதத் தாண்டி ஒரு வார்த்தை தெரியாது. கடைக்குப் போனாக் கூடக் கைய நீட்டிக் காட்டறதுதான். அப்படி இருந்த மனுஷன் கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலைல அகராதியத் தூக்கிட்டு, முழங்கால் பனியில குதோ பட்டறைக்குப் போனாரு. இந்த பாஷையில அவரா தேடி எடுத்து, தன் வாயால சொல்லிக் கேட்ட முதல் சொல்லு அது. அளவு சொல்லத் தெரியல. ரெண்டு கையயும் இப்படி விரிச்சுக் காட்டியிருக்காரு. இவ்வளவுதான். குதோ புரிஞ்சுக்கிட்டு அன்னிக்கே செஞ்சு, பனியில தோள்ல சுமந்துட்டு வந்தாரு. காசு வாங்கல.

லெஸ்லின்னு பேரு. பொறந்து மாசம் ஆகல. நெஞ்சுச் சளி.

சாயங்காலமே போய், மனப்பாடம் பண்ணி வச்சிருந்த வசனத்த ஒப்பிச்சு ஆராதனை நடத்தினாரு. அத நான் இன்னும் மன்னிக்கல, அவரையும் சரி, அவர அனுப்பினவரையும் சரி. அன்னிக்கு முன்னணைன்னு சொல்ல வேண்டிய இடத்துல அவர் வாயில வந்தது அந்தச் சொல்லு. அன்னிக்குத்தான் குதோ மொத தடவ சபைக்கு வந்தாரு. மொத தடவ எந்திரிச்சு நின்னதும் அன்னிக்குத்தான்.

அதுக்கப்புறம் அந்தப் பேர அவரு சொன்னதே இல்ல. என்கிட்டயும் இல்ல. நான் எடுத்தா வாசலுக்குப் போயிடுவாரு, தள்ளறதுக்குப் பனியா இல்ல. வருஷத்துல ஒரு நாள், அந்த ஒரு சொல்லுலதான் என் பிள்ளை அவர் வாயில வர்றான். அதக் கேக்கத்தான் நான் முதல் வரிசையில உக்காந்திருக்கேன். அறிஞ்சு சொல்றாரா, அறியாம சொல்றாரான்னு நானே கேட்டதில்ல.

சத்தம் நின்னுடுச்சு. வர்றாரு. கோழியச் சாப்பிடுங்க தம்பி, வாயில ஏதாவது இருக்கட்டும்.